ஒரு சாண் பாலம்

மனித குலம் இதுவரை கட்டிய பாலங்களிலேயே மகத்தானது எது என்று யாராவது கேட்டால், ஆற்றின் மேல் தொங்குவது, கடல் நடுவே நிற்பது என்று கண்டதையும் சொல்லி மானத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். அந்த மகத்தான பாலத்தின் நீளம் ஒரு சாண். அகலம் ஒரு விரல். குறித்த நாளுக்கு முன்பாகவே அது முடிந்துவிட்டது. கட்டும்போது யாருக்கும் காயமில்லை. கட்டியவரின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பசையில் ஒட்டிக்கொண்டு அரைநாள் பிரிய மறுத்ததை விபத்துக் கணக்கில் சேர்க்க முடியாது. அதைக் கட்டி முடித்ததாக உலகுக்கு அறிவித்த பெருமை பாலங்கள் மற்றும் படிக்கட்டுகள் துறையைச் சேரும். அறிவிக்கும்போது துறைக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

துறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஊரை ரயில் பாதை இரண்டாக வகிர்ந்து போட்டிருந்தது. இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடைத்தெரு. நடுவே இரண்டு தண்டவாளங்கள். கம்பிவேலியில் யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ ஆளும் சைக்கிளும் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவைத்திருந்தார். ஊரே அதன் வழியாக நுழைந்து, இரண்டு பக்கமும் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு நடைமேம்பாலம் வேண்டும் என்று பதினோரு வருஷமாக மக்கள் மனு எழுதினார்கள். துறை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மனுவையும் கோப்பில் வைத்துக் கட்டியது. கோப்பு அடிக்கு அடி உயர்ந்துகொண்டே வந்தது. "இதை வேலிகிட்ட கொண்டுபோய் வச்சா, மேல ஏறியே அந்தப் பக்கம் போயிடலாம்" என்று ஒரு எழுத்தர் சொன்னார். அவரை உடனே வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவருக்கு ‘அரைமில்லி’ என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, அலுவலகம் வைத்தது. கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. பாலத்துக்கு அவர் இதுவரை நான்கு முறை படம் போட்டிருக்கிறார். முதல் படம் தொலைந்தது. இரண்டாவது படத்தின் மேல் யாரோ தேநீரைக் கொட்டினார்கள். மூன்றாவதை ஒப்புதலுக்கு அனுப்பியபோது, ‘முதல் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து அனுப்பவும்’ என்று திரும்பி வந்தது. நான்காவது எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குப் போனால் என்ன செய்வார்? மாடியறையில் ஓர் ஊரையே கட்டி ஆண்டுகொண்டிருந்தார். இரண்டு கதவுப் பலகைகளைச் சேர்த்துப் போட்ட மேசை. அதன் மேல் தண்டவாளம், பொம்மை ரயில், ஸ்டேஷன், தெரு, கடை, வீடு எல்லாம் உண்மையில் இருப்பதில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில். பழைய செய்தித்தாளைக் கூழாக்கி மலை. பச்சைச் சாயத்தில் முக்கிய ஸ்பாஞ்சைப் பிய்த்து மரம். குடித்து முடித்த தேயிலைத் தூளை வெயிலில் காயவைத்துச் சலித்துத் தரை. கட்டடங்களுக்குக் கண்ணாடி ஜன்னல் வேண்டுமே என்றால், மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படத்தைக் கழுவி வெட்டி ஒட்டுவார். ஸ்டேஷன் மாஸ்டர் அறை ஜன்னலில் உற்றுப் பார்த்தால் யாருடையதோ விலா எலும்பு லேசாகத் தெரியும். அந்த ஊரில் தெருவிளக்குகள் எல்லாம் எரிந்தன. சாக்கடைக்கு மூடி இருந்தது. ரயில் மணிப்படி வந்தது. அலுவலகத்தில் கோடாகவே நின்றுபோன எல்லாவற்றையும் அவர் இங்கே அட்டையில் எழுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த வகையில்தான் பாலமும் வந்து சேர்ந்தது. நான்காவது படத்தின் நகலை வைத்துக்கொண்டு அட்டையில் படி வெட்டினார், குடைக்கம்பியில் தூண் நிறுத்தினார், தீக்குச்சியைச் சீவிக் கைப்பிடி செய்தார், குண்டூசித் தலையில் விளக்கு வைத்தார். பக்கத்துக்கு நாற்பத்திரண்டு படி. இரண்டு பக்கமும் எண்பத்து நான்கு படிகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒட்டி நிமிர்ந்தபோது பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல என் சைக்கிள் எப்படிங்க ஏறும்?"

"சைக்கிளா?"

"நாப்பத்திரெண்டு படிக்கும் தோள்ல தூக்கிட்டுப் போகணுமா? நான் நர்ஸா, சர்க்கஸ்காரியா?"

பதினோரு வருஷத்தில் துறையில் ஒரு ஜீவன்கூடக் கேட்காத கேள்வி அது. அன்றே அரைமில்லி படிகளின் ஓரத்தை வெட்டியெடுத்தார். தீர்ந்துபோன பேனா ரீஃபிலை நீளவாக்கில் கீறி, சக்கரம் உருளுகிற மாதிரி ஒரு வாய்க்கால் பதித்தார். அதன் பக்கத்தில், வெள்ளை உடுப்பும் சைக்கிளுமாக, கொட்டைப்பாக்கு உயரத்தில் மனைவியையே ஒரு பொம்மையாகச் செய்து நிறுத்தினார். மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "இடுப்பை இவ்வளவு பெருசா வச்சிருக்க வேண்டாம்" என்றாள். ஆனாலும் அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

எல்லாம் சரியாக அமைந்தது, ஒன்றைத் தவிர. மூன்றாவது விளக்குக் கம்பத்தை நட்டு, பசை இறுகுவதற்குள் தும்மிவிட்டார். கம்பம் சாய்ந்தது. பிடுங்கினால் கைப்பிடி உடையும். அரைமில்லி இரண்டு நாள் முனகிவிட்டு அப்படியே விட்டார். அப்புறம் துரு பூசினார். புதிதாகவே இருந்தால் பொம்மை என்று தெரிந்துவிடும் என்பது இந்தக் கலையின் பாலபாடம். செங்கல் தூளைத் தண்ணீரில் கரைத்து, தூண் இடுக்குகளிலும் படி ஓரங்களிலும் மெல்லியதாகத் தொட்டுவைத்தார். இருபத்து மூன்று பொம்மைகளைப் பாலத்தில் ஏற்றி, காலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்த நேரத்தில், கைபேசியை மேசையோடு மேசையாக வைத்துப் படம் எடுத்தார். பார்த்தவர் கண்ணுக்கு அது பாலம். பாலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

படத்தை அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்ததுதான் அவர் செய்த ஒரே குற்றம்.

அது ஆண்டுக் கடைசி. ‘நிறைவுற்ற பணிகளின் பட்டியலைப் புகைப்படங்களுடன் உடனே அனுப்பவும்’ என்று தலைமை அலுவலகம் நெருக்கிக்கொண்டிருந்தது. கோட்டப் பொறியாளரிடம் பட்டியல் இருந்தது, புகைப்படம் வைக்கும் கட்டமும் இருந்தது. பணி ஒன்றுதான் இல்லை. மனிதர் கையைப் பிசைந்துகொண்டு உலாத்தியவர், அரைமில்லியின் மேசையருகே சட்டென்று நின்றார்.

"யோவ், இது நம்ம பாலம்தானே?"

"ஆமா சார். ஆனா இது வந்து எங்க வீட்டு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நம்ம படத்தை வச்சுக் கட்டினதா?"

"அச்சு அசல் சார். அரை மில்லி பிசகல."

"வேலை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு சார். ஆனா..."

"ஆனாங்கிறதுக்கு அறிக்கையில கட்டமே கிடையாதுய்யா" என்று கண்ணாடியைத் தூக்கிப் படத்தை உருவிக்கொண்டார். "எங்க இருக்கு, எவ்வளவு பெருசுன்னு நான் உன்னைக் கேட்டேனா? கேக்கல. நீயும் சொல்லாதே. நல்லா இருப்பே."

அரைமில்லி வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவதே மேல்: உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. அவர் போட்ட படம் ஒன்று முதன்முறையாக ஒரே நாளில் ஒப்புதல் பெற்றிருந்தது.

பத்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அரைமில்லி அதைப் பாராட்டுக் கடிதம் என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். ‘சென்ற வாரம் நிறைவுற்ற பாலத்தில் இந்த வாரமே துரு காணப்படுவது எவ்வாறு? பொறுப்பானவரின் விளக்கம் தேவை’ என்றிருந்தது.

"என்னய்யா இது, துரு?" என்று பொறியாளர் குதித்தார்.

"நான்தான் சார் பூசினேன்."

"பூசினியா? உலகத்துல எவனாவது பாலத்துக்குத் துரு பூசுவானா?"

"அப்பத்தான் சார் உண்மையான பாலம் மாதிரி இருக்கும்."

"நம்ம பாலமெல்லாம் தானா துருப்பிடிக்கும், நீ எதுக்கு அவசரப்பட்டே? போய்த் துடை! துடைச்சுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு!"

அரைமில்லி வீட்டுக்குப் போய்ப் பல் துலக்கும் பிரஷ்ஷால் பாலத்தைத் துடைத்தார். ‘துரு முற்றிலும் அகற்றப்பட்டது’ என்று எழுதி, நல்ல தெளிவான கையெழுத்தாகப் போட்டுக் கொடுத்தார். தலைமை அலுவலகம் திருப்தி அடைந்தது. பராமரிப்பில் இவ்வளவு வேகம் காட்டிய கோட்டம் வேறு கிடையாது என்று சுற்றறிக்கை விட்டது. திறப்பு விழாவும் நடந்தது. பாலம் தூரத்தில் இருந்தபடியால் தலைமை அலுவலகக் கூடத்திலேயே படத்தைப் பெரிதாக மாட்டி, அதற்கு முன்னால் நாடா வெட்டினார்கள். கைதட்டலில் குறைவில்லை என்று கேள்வி.

பாலம் வந்தால் ஊருக்கு நன்மை வராமல் இருக்குமா? வந்தது. மறுவாரமே வேலி ஓட்டையை இரும்புத் தகடு வைத்து அடைத்தார்கள். ‘தண்டவாளத்தைக் கடப்பது குற்றம். பாலத்தைப் பயன்படுத்தவும்’ என்று பலகை முளைத்தது. பலகைக்குப் பக்கத்தில் விசிலோடு ஒரு ரயில்வே காவலரும் முளைத்தார். காலை வேலைக்குச் சைக்கிளில் வந்த நர்ஸம்மாவை அவர்தான் மறித்தார்.

"பாலம் இருக்கும்போது இப்படி இறங்கக் கூடாதும்மா. பாலத்து மேல போங்க."

"எங்கங்க இருக்கு பாலம்?"

காவலர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வானத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"என் கண்ணுக்கும் தட்டுப்படலதான். ஆனா உத்தரவுல இருக்கு."

"உங்க கண்ணை நீங்களே நம்ப மாட்டீங்களா?"

"என் கண்ணுக்கு யாரும்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க? உத்தரவுக்குப் போட்டிருக்காங்களே."

தொலைவிலிருந்த ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போவதென்றால் சைக்கிளில் ஒரு மணி நேரம். அவள் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இரவுப் பணி பார்த்த நர்ஸ் இன்னும் வீட்டுக்குப் போக முடியாமல் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரரின் கடை அந்தப் பக்கத்தில் இருந்தது. முழங்கால் வலிக்காரர். போய்ச் சேருவதற்குள் மதியமாகிவிடுகிறது என்று கடையைத் திறப்பதையே விட்டார். பிரசவ வலி எடுத்த ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு சுற்றி ஓடிய ஆட்டோவில், ஆஸ்பத்திரி வாசலுக்கு நூறு அடி முன்னாலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடுத்ததும் அப்படியே ஆகும் என்று எந்த உத்தரவிலும் எழுதியிருக்கவில்லை.

அந்தப் பிரசவம் நடந்த அன்று சாயங்காலம் மனைவி நேராக மாடிக்கு ஏறி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாலத்தின் நடுவே நின்ற வெள்ளை உடுப்புப் பொம்மையை இரண்டு விரலால் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இந்த மகராசி மட்டும் சொகுசா நடுப்பாலத்துல நின்னு காத்து வாங்கறா. நான் ஊரைச் சுத்திட்டு வரேன். எந்தப் பாலம்னு ஊரே மண்டையைப் பிச்சுக்குது. எனக்குத் தெரியுதுங்க எந்தப் பாலம்னு!"

அரைமில்லி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பொம்மையை மேசையில் வைத்துவிட்டு, "நான் ஒவ்வொரு நாளும் அந்தத் தண்டவாளத்துல கால் வைக்கும்போது சாமியைக் கூப்பிட்டுக்கிட்டே வைப்பேன், தெரியுமா? ஒரு நாள் பாலம் வரும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. அதையும் சேர்த்து அடைச்சுட்டீங்களே" என்றாள். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

விடிந்ததும் முதல் வேலையாக எழுதினார். ‘படத்திலுள்ள பாலம் என் வீட்டு மாடியில் அட்டையால் செய்யப்பட்டது. தண்டவாளத்தின் மேல் பாலம் ஏதும் இல்லை.’ ஒளிவுமறைவு இல்லாத கடிதம். கோட்டப் பொறியாளர் அதைப் படித்துவிட்டு, குழந்தைக்குப் பாடம் சொல்கிறவரைப் போலப் பொறுமையாகப் பேசினார்.

"பாலம் இருக்குன்னு பதினாலு கையெழுத்து இருக்குய்யா. இல்லேன்னு உன்னோடது ஒண்ணு. அதே கையெழுத்துலதான் துரு துடைச்சேன்னும் எழுதிக் குடுத்திருக்கே. இல்லாத பாலத்துல எப்படிய்யா துரு துடைச்சே?"

"சார், அந்தப் பாலம் இருக்கு. ஆனா இந்தப் பாலம் இல்ல."

"ரொம்ப நல்லது. வேதாந்தத்தையெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு வச்சுக்க."

"அப்போ, புதுசா ஒரு பாலமாவது கட்டலாமே சார்?"

"ஒரே இடத்துல ரெண்டு பாலமா? விதியில இடமே இல்ல. முதல் பாலம் இருக்கிற வரைக்கும் அடுத்த பாலத்தைப் பத்தி வாயையே திறக்க முடியாது."

வீட்டுக்கு வந்து, தொங்கிய முகத்தோடு இதை ஒப்பித்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"கடைசியா என்ன சொன்னாரு? இன்னொரு தடவை சொல்லுங்க."

"முதல் பாலம் இருக்கிற வரைக்கும் அடுத்த பாலம் கிடையாதாம்."

"அப்போ முதல் பாலம் இருக்கக் கூடாது."

"அதுதான் இல்லவே இல்லையே."

"தாள்ல இருக்குல்ல. எப்படி வந்துச்சோ அப்படியே போகட்டும். படத்துல வந்துச்சு, படத்துலயே விழட்டும்."

அரைமில்லிக்குப் புரிந்தது. ஆறு மாத வேலை. எண்பத்து நான்கு படி. ஒவ்வொரு படியையும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டியிருந்தார். "வேற வழியே இல்லையா? இந்த ஒண்ணுதாம்மா என் வாழ்க்கையில நான் உருப்படியாக் கட்டினது" என்றபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அதனாலதாங்க கேக்கறேன். வேற யாரு கட்டினதா இருந்தாலும் விழுந்ததுன்னு சொன்னா நம்ப மாட்டாங்களா? நம்பிட்டு வேலையைப் பார்த்துக்கிட்டுப் போயிடுவாங்க. உருப்படியாக் கட்டின உங்களுது விழுந்தாத்தான் அவங்க கண்ணை உறுத்தும்" என்றாள். அவர் பாலத்தைப் பார்த்தபடியே சரியென்று தலையை ஆட்டினார்.

விடுமுறை நாள் காலையில் காரியம் தொடங்கியது. சாட்சிக்குத் தையல்காரரும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரைமில்லி சரக்கு ரயிலை முழு வேகத்தில் விட்டுப் பாலத்தின் தூணில் மோதவிட்டார். எஞ்சின் தடம் புரண்டு, ஸ்பாஞ்சு மரங்களுக்குள் போய் விழுந்தது. பாலம் அசையவில்லை. கனமான புத்தகம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. தையல்காரர் வீட்டுக்கு நொண்டியபடியே போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார். பாலம் அதையும் சுமந்துகொண்டு நின்றது.

"என்ன சார் இப்படிக் கட்டித் தொலைச்சிருக்கீங்க?" என்றார் தையல்காரர்.

"படத்துல இருக்கிறபடி கட்டினேங்க" என்றார் அரைமில்லி, வெட்கத்தோடு. துறையில் பாலம் கட்டிய வேறு எவருக்கும் இப்படி ஒரு சங்கடம் நேர்ந்ததாகத் தகவல் இல்லை.

"நகருங்க. நீங்க படத்தை எடுங்க" என்றாள் மனைவி. கட்டைவிரலை நடுப்பாலத்தில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். தீக்குச்சி முறிகிற சத்தம். குடைக்கம்பி விலகியது. இருபத்து மூன்று பேரும் தண்டவாளத்தில் விழுந்தார்கள். அரைமில்லி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கைபேசியை அழுத்தினார். மூடாத கண்ணிலும் தண்ணீர் முட்டியதால், படத்தின் மூலையில் மனைவியின் கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை.

தையல்காரர் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ‘தாங்கள் திறந்துவைத்த பாலம் இடிந்துவிட்டது. படம் இணைத்துள்ளேன்’ என்று மட்டும் எழுதினார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

துறை துள்ளி எழுந்தது. பதினோரு வருஷம் படுத்திருந்த துறை எழுந்து நின்ற அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். தொலைபேசிகள் அலறின. மூவர் குழு புறப்பட்டது. மூன்றாம் நாள் தண்டவாளத்தருகே வந்து நின்று, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு உடைந்த கல்லைக்கூடக் காணாமல் நெகிழ்ந்துபோனார்கள். ‘இடிபாடுகளைச் சுவடே தெரியாமல் அகற்றிய கோட்டத்தின் வேகம் போற்றத்தக்கது’ என்று முதல் வரி எழுதப்பட்டது. அப்புறம் அரைமில்லியை விசாரித்தார்கள்.

"விழுந்தவங்க எத்தனை பேர்?"

"இருபத்து மூணு பேர் சார்."

"ஐயையோ! இப்போ எப்படி இருக்காங்க?"

"எல்லாரையும் தூக்கி நிக்க வச்சாச்சு சார். ரெண்டு பேருக்கு மட்டும் கால் ஒடைஞ்சிருச்சு."

"சிகிச்சை?"

"பசை வச்சு ஒட்டிட்டேன் சார்."

குழு ‘நவீன சிகிச்சை’ என்று குறித்துக்கொண்டது. பிறகு நான்கு மணி நேரம் பூதக்கண்ணாடியால் படத்தை ஆராய்ந்து காரணத்தையும் கண்டுபிடித்தது. ‘படத்தின் வலது மூலையில், மேற்பரப்பில் வளைவான வரிகளும் முனையில் பளபளப்பும் கொண்ட, இளம்பழுப்பு நிறப் பாறை ஒன்று காணப்படுகிறது. பின்னணியிலுள்ள மலையிலிருந்து அது உருண்டு விழுந்ததே விபத்துக்குக் காரணம். ஆகவே யாரும் பொறுப்பல்ல.’ அந்த ஊரைச் சுற்றி முப்பது மைலுக்கு மலை கிடையாது. கோட்டப் பொறியாளர் அதைச் சொல்ல வாயெடுத்து, ‘யாரும் பொறுப்பல்ல’ என்ற வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு, மலையை ஏற்றுக்கொண்டார்.

நாற்பதே நாள். நாற்பதாவது நாள் தண்டவாளத்தின் மேல் நிஜமான இரும்பில், நிஜமான பாலம் நின்றது. நான்காவது வரைபடம் இன்னும் வந்து சேராததால், திறப்பு விழாப் படத்தை வைத்தே அளவெடுத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்துக்கு நாற்பத்திரண்டு படி. ஓரத்தில் சைக்கிள் உருள ஒரு வாய்க்கால். அரைமில்லி கைப்பிடியைத் தடவிக்கொண்டே நடந்தவர், மூன்றாவது விளக்கருகே வந்ததும் திடுக்கிட்டு நின்றார்.

"மேஸ்திரி, இந்தக் கம்பம் ஏன் சாய்ஞ்சிருக்கு?"

"படத்துல அப்படித்தாங்க இருக்கு" என்றார் மேஸ்திரி கோபமாக. "அதை அதே கோணத்துல வளைக்க எத்தனை பாடு பட்டோம் தெரியுமா? நேராவே நிக்குது சனியன்."

தொலைவில், ஒன்றுமில்லாத வெட்டவெளியைப் பார்த்தபடி ஒரு பெரிய தடுப்புச் சுவரும் எழுந்துகொண்டிருந்தது. மலை மறுபடி உருண்டால் என்ன செய்வது?

அப்போது கீழே சைக்கிள் மணி கேட்டது. வெள்ளை உடுப்பில் மனைவி. முன்சக்கரத்தை வாய்க்காலில் வைத்து, ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்காமல் ஏறி வந்தாள். நடுப்பாலத்தில் நின்றாள். அடியில் ஒரு ரயில் தடதடவென்று போனது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ரயிலை நின்று வேடிக்கை பார்த்தாள். "சரியான இடத்துலதான் நிக்கறியாம்மா, அந்தப் பொம்மை நின்ன இடத்துல?" என்றார் அரைமில்லி. "அரை மில்லி தள்ளி நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் இறங்கினாள்.

இந்தச் செய்தி ஊரில் பரவாமல் இருக்குமா? இப்போதெல்லாம் விடுமுறை நாள் காலையில் அரைமில்லி வீட்டு வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். மனு எழுதுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். கையில் அட்டையும் பசையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் முதல் ஆளாக வந்தவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை.

"எங்க பள்ளிக்கூடத்துக் கூரை எப்போ விழுமோன்னு இருக்கு சார். ஒன்பது வருஷமா எழுதறோம். நீங்க ஒண்ணு நல்லாக் கட்டி, கையோட இடிச்சும் குடுத்துட்டீங்கன்னா..."

"குடுத்துடலாம்மா" என்று அரைமில்லி பென்சிலை எடுத்தார். "உள்ள எத்தனை பிள்ளைங்களை வைக்கட்டும்?"

தலைமையாசிரியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "எத்தனை பேர் மேல விழுந்தா சார் வருவாங்க?"

அரைமில்லி பென்சிலைக் கீழே வைத்தார். அந்தக் கேள்விக்கு எந்த விதிப்புத்தகத்திலும் அளவு இல்லை. இருந்தாலும் துறையை நாம் குறை சொல்லக் கூடாது. அதன் கருணை அவ்வளவு நுட்பமானது; எண்பத்தேழில் ஒரு பங்கு உயரமுள்ள மனிதர்கள் விழுந்தால்கூட அது பதறி ஓடி வருகிறது. முழு உயரத்தில் நிற்பவர்கள்தான் இன்னும் அதன் கண்ணில் படவில்லை.